பழைய பிக்கப் வாங்க மாடல் வருடத்தை மட்டும் பார்த்தால் போதுமா?

அமெரிக்காவில் 2007 செவ்ரோலே சில்வராடோ 1500 பிக்கப் விற்பனைக்கு என்று ஒருவர் விளம்பரம் போடுகிறார். அந்த ஒரு வரியை வைத்து அது எந்த வண்டி என்று சொல்லிவிட முடியாது. அந்த மாடல் வருடத்தில், செவ்ரோலேயைச் செய்யும் ஜெனரல் மோட்டார்ஸ் ஒரே பெயரில் இரண்டு வண்டிகளை விற்றது. ஒன்று 1999-இல் வந்த பழைய வடிவம். 'கிளாசிக்' என்று பெயர் ஒட்டிக் கடைசி ஒரு சுற்று விற்றார்கள். மற்றது முற்றிலும் புதிது. அதன் 5.3 லிட்டர் வி8 எஞ்சினில், சுமை குறைவாக இருக்கும்போது எட்டில் நாலு சிலிண்டரை நிறுத்திவைத்து பெட்ரோல் மிச்சம் பிடிக்கும் ஏற்பாடு இருந்தது. பின்னாளில் பலருடைய எஞ்சினைப் பிரிக்க வைத்தது அந்த ஏற்பாடுதான். கிளாசிக்கில் அது கிடையாது. 2007 நல்ல வருடமா, கெட்ட வருடமா என்று கேட்டால் இரண்டும்தான்.

ஃபோர்டும் 2004-இல் இதையே செய்தது. புதிய எஃப்-150 வந்த பிறகும் பழைய வடிவத்தை 'ஹெரிடேஜ்' என்ற பெயரில் விற்றது. 2003 மாடல் ஃபோர்டு சூப்பர் டியூட்டி டீசலில் இன்னும் மோசம்: வருடத்தின் தொடக்கத்தில் செய்தவற்றில் ஊரே புகழும் 7.3 லிட்டர் எஞ்சின், பிறகு செய்தவற்றில் ஊரே திட்டும் 6.0. பதிவுப் புத்தகத்தில் இரண்டுக்கும் 2003 என்றுதான் இருக்கும்.

அமெரிக்காவில் பதினைந்து, இருபது வருடப் பழைய பிக்கப் தேடுகிறவர்கள் முதலில் கேட்பது "எந்த வருட மாடல் வாங்கலாம்?" என்பதுதான். கேள்வியில் பிழையில்லை. ஆனால் வருடம் என்பது மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பது மாதிரி: வயது தெரியும், உழுமா என்று தெரியாது. வருடத்துக்குப் பின்னால் மூன்று பொருள்கள் இருக்கின்றன: எஞ்சின், கியர்பாக்ஸ், சேஸிஸ். அந்த வருடத்தில் இவற்றில் எது மாறியது, எது பழையபடியே தொடர்ந்தது என்று பார்ப்பதுதான் வருடத்தைப் படிக்கும் முறை.

புகார்களை எண்ணுவதில் உள்ள கோளாறு

வருடவாரியாகப் புகார்களை எண்ணி, எந்தப் பட்டை உயரமோ அந்த வருடத்தைத் தவிர்க்கச் சொல்லும் வரைபடங்கள் இணையத்தில் நிறைய. இவற்றில் பலவற்றுக்கு மூலம் என்.எச்.டி.எஸ்.ஏ. எனப்படும் அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்துக்கு உரிமையாளர்கள் அனுப்பும் புகார்கள். யாரும் படிக்கலாம், நல்ல விஷயம்தான். எண்ணும்போதுதான் தப்பாகிறது.

2004-இல் ஃபோர்டின் எஃப் வரிசை வண்டிகள் 9 லட்சத்துக்கும் மேல் விற்றன. அதே ஆண்டில் டொயோட்டா டகோமா விற்றது சுமார் ஒன்றரை லட்சம். ஃபோர்டுக்கு ஆறு மடங்கு புகார் வந்தாலும் இரண்டும் சமம் என்றுதான் பொருள். பட்டை வரைந்தவர் விற்பனையால் வகுத்தாரா என்று பாருங்கள், பெரும்பாலும் இருக்காது. அடுத்தது வயது. 2005 வண்டிக்குப் புகார் சொல்ல இருபது வருடம் கிடைத்திருக்கிறது, 2015-க்குப் பத்துதான். புதியது நல்லது என்ற தோற்றம் இதிலிருந்தே பாதி வந்துவிடும். ஒரு குறை செய்தித்தாளில் வந்தாலோ, குறையைச் சரிசெய்ய நிறுவனம் வண்டிகளைத் திரும்ப அழைத்தாலோ (ரீகால்), அந்த மாதம் புகார்கள் குவியும். அதுவரை கீழே குனிந்து பார்க்காதவர்களும் பார்ப்பார்கள்.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. அந்த நிர்வாகத்தின் வேலை பாதுகாப்பு. பிரேக் பிடிக்கவில்லை, ஏர்பேக் வெடித்தது, ஓடும்போது வண்டி நின்றது என்றால் அங்கே போவார்கள். எஞ்சின் எண்ணெய் குடிக்கிறது, பிளக் கழற்றும்போது உடைந்தது என்றால் மெக்கானிக்கிடம் போவார்கள். பழைய வண்டி வாங்குகிறவரின் பணத்தைத் தின்பவை இந்த இரண்டாம் வகைதான். புகார்ப் பட்டியலில் அவை குறைவாகத்தான் தெரியும்.

எண்ணுவதற்குப் பதில் படித்தால் பயன் உண்டு. ஒரே உறுப்பு, ஏறக்குறைய ஒரே மைல் கணக்கில், வேறு வேறு மாநிலத்துக்காரர்களிடம் திரும்பத் திரும்ப உடைந்திருந்தால் அது வடிவமைப்பின் குறை. ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்று உடைந்திருந்தால் அது வயது. இதற்கு நேர் எதிர்ப்பக்கமும் உண்டு. 10 லட்சம் மைல் ஓடிய ஒரு 2007 டண்ட்ராவை டொயோட்டா 2016-இல் திரும்பப் பெற்று ஆராய்ந்தது. அழகான செய்தி. நெடுஞ்சாலையில் நாள் முழுக்க ஓடி, தவறாமல் சர்வீஸ் செய்யப்பட்ட ஒரு வண்டியைப் பற்றியது அது. எல்லா 2007 டண்ட்ராவுக்கும் அது சான்றிதழ் ஆகாது.

17 எழுத்தில் இரண்டு

1981 மாடலிலிருந்து ஒவ்வொரு வண்டிக்கும் 17 இலக்க வின் எண், அதாவது அடையாள எண், உண்டு. அதில் பத்தாவது இலக்கம் மாடல் வருடம்: 5 என்றால் 2005, 9 என்றால் 2009, அடுத்த வருடத்திலிருந்து ஆங்கில எழுத்து, ஏ என்றால் 2010, பி என்றால் 2011. எல்லாருக்கும் தெரிந்த இலக்கம் இதுதான். எனக்கு அதைவிட முக்கியம் எட்டாவது. ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ், டாட்ஜ் மூன்றிலும் அது எஞ்சினைச் சொல்லும். உதாரணமாக 2004 முதல் 2008 வரையிலான எஃப்-150-இல் எட்டாவது இடத்தில் டபிள்யூ இருந்தால் 4.6 லிட்டர், 5 அல்லது வி இருந்தால் 5.4. இந்த ஒரு எழுத்து ஏன் சில ஆயிரம் டாலர் பெறும் என்பது கீழே வரும்.

ஓட்டுநர் கதவின் உள்விளிம்பில் ஒட்டியிருக்கும் தாளில் வண்டி செய்த மாதமும் வருடமும் இருக்கும். வருடத்தின் நடுவில் எஞ்சின் மாறிய மாடல்களுக்கு இதைப் பார்க்காமல் பேசக் கூடாது. விற்பவரிடம் வின் எண்ணைக் கேட்டு வாங்கி, என்.எச்.டி.எஸ்.ஏ. தளத்தில் போட்டால் செய்யப்படாமல் கிடக்கும் ரீகால் வேலைகளும் தெரியும். காசு கிடையாது. எண்ணைத் தர மறுப்பவரிடம் அடுத்த கேள்வி கேட்க வேண்டியதில்லை.

எஃப்-150: ஒரே பெயர், நாலு குணம்

எஃப்-150-ஐ ஒரே வண்டியாக நினைத்தால் குழப்பம்தான். 1996 வரை வந்த 4.9 லிட்டர் நேர்வரிசை ஆறு சிலிண்டர் எஞ்சின் அழியாதது என்று பெயர் வாங்கியது. வேகம் கிடையாது, இழுக்கும். ஆனால் அதற்கு இன்று வயது முப்பதுக்கு அருகில். எஞ்சின் இருக்கும், அதைச் சுற்றி உள்ளது இருக்குமா என்பதுதான் சந்தேகம்.

1997 முதல் 2003 வரையிலான வடிவத்தில் 4.6, 5.4 வி8 எஞ்சின்களின் அலுமினிய ஹெட்டில் ஸ்பார்க் பிளக் பிடிக்கும் மரை மிகக் குறைவு. ஓடிக்கொண்டிருக்கும்போதே பிளக் பிய்த்துக்கொண்டு வெளியே பாயும். மரைக்கு உறை போட்டுச் சரிசெய்யலாம். அது பழகிப்போன பழுது. இதைவிட எனக்குக் கவலை தருவது பெட்ரோல் டேங்க்கைத் தாங்கும் இரும்புப் பட்டை. பனிக்காலத்தில் ரோட்டில் உப்புத் தூவும் மாநிலங்களில் அது துருப்பிடித்து அறுந்து டேங்க் கீழே இறங்குகிறது என்று 2011-இல் சுமார் 11 லட்சம் வண்டிகளை ஃபோர்டு திரும்ப அழைத்தது. க்ரூஸ் கண்ட்ரோல் சுவிட்ச் தீப்பிடிப்பதற்கான ரீகாலும் இந்தக் காலத்து வண்டிகளுக்கு உண்டு. இரண்டும் செய்யப்பட்டதற்கான அத்தாட்சி இல்லாமல் இந்த வடிவத்தை வீட்டோடு ஒட்டிய கார் கொட்டகையில் நிறுத்தக் கூடாது.

2004 முதல் 2008 வரைதான் மாடல் வருடத்தைவிட எட்டாவது எழுத்து பெரியது என்பதற்குச் சரியான பாடம். 5.4 லிட்டர் எஞ்சின் ஒரு சிலிண்டருக்கு மூன்று வால்வு வடிவத்துக்கு மாறியது. அதன் ஸ்பார்க் பிளக் இரண்டு துண்டாகச் செய்யப்பட்டது. கார்பன் பிடித்துக்கொள்ள, கழற்றும்போது கீழ்த்துண்டு ஹெட்டிலேயே உடைந்து தங்கிவிடும். எட்டு பிளக்கில் நாலு உடைந்தால் பிளக் மாற்றும் வேலை ஒரு நாள் வேலையாகிவிடும். அதற்கு மேல் கேம் ஃபேஸர். வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும், எண்ணெய் அழுத்தத்தை நம்பி இயங்கும் உறுப்பு அது; எண்ணெய் மாற்றத்தைத் தள்ளிப்போட்ட வண்டிகளில் டைமிங் செயின் இறுக்கியும் கைடும் தேய்ந்து, எஞ்சின் சூடான பிறகு நிற்கையில் டீசல் மாதிரி டக்டக்கென்று அடிக்கும். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து காட்டிவிட்டு உடனே அணைத்துவிடும் விற்பனையாளரிடம் இந்தச் சத்தம் கேட்காது. அரை மணி ஓட்டிவிட்டு வந்து, ஜன்னலை இறக்கி, சுவர் ஓரமாக நிறுத்திக் கேட்க வேண்டும்.

அதே வருடங்களில், அதே உடம்பில் வந்த 4.6 பழைய இரண்டு வால்வு வடிவத்தையே வைத்துக்கொண்டது. ஃபேஸர் இல்லை, உடையும் பிளக் இல்லை. சக்தி குறைவு என்று அந்தக் காலத்தில் ஏளனம் செய்யப்பட்ட எஞ்சின் இன்றைய சந்தையில் புத்திசாலித்தனமான தேர்வு. ஆனால் ஏழாயிரம் பவுண்டு படகை மலையேற்ற நினைப்பவருக்கு இது ஒத்துவராது.

2011-இல் மறுபடி எல்லாம் மாறியது. 5.0 லிட்டர் வி8-உம், 3.5 லிட்டர் இரட்டை டர்போ ஈகோபூஸ்ட்டும் வந்தன. முதல் வருட ஈகோபூஸ்ட்களில், ஈரப்பதமான காற்றில், டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரில் நீர் தேங்கி, ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது எஞ்சின் தடுமாறுவதாகப் புகார் வந்தது. டைமிங் செயின் நீள்வதும் உண்டு. 5.0-க்கு அவ்வளவு கெட்ட பெயர் இல்லை. ஆனால் எஞ்சின் நல்லதாக இருந்தாலும் கியர்பாக்ஸ் பொது. ஓடும்போது திடீரென்று முதல் கியருக்கு இறங்கிப் பின்சக்கரம் பிடித்துக்கொள்ளும் குறைக்காக 2011 முதல் 2013 வரை சுமார் 15 லட்சம் வண்டிகளை 2019-இலும், 2014 மாடல்களை 2024-இலும் அழைத்தார்கள். அதற்கான சரிசெய்தல் மென்பொருளை மாற்றுவதுதான். செய்யப்பட்டிருந்தால் 2013, 2014-இன் 5.0, இந்தக் கட்டுரையில் வரும் பெரிய பெட்ரோல் பிக்கப்களில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று.

சில்வராடோ, சியரா: கோடு 2007-இல் விழுகிறது

சியரா என்பது ஜி.எம்.சி. பெயரில் வரும் இதே வண்டி. 1999 முதல் 2007 கிளாசிக் வரையிலான 4.8, 5.3, 6.0 எஞ்சின்கள் எளிமையானவை. ஒரே கேம் ஷாஃப்ட், பிளாக்குக்குள் புதைந்தது. சிலிண்டரை நிறுத்தும் வித்தை எதுவும் கிடையாது. நாட்டில் எந்த மெக்கானிக்குக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரிக்கத் தெரியும்; உதிரிபாகம் எங்கும் கிடைக்கும். குறை இல்லாமல் இல்லை. 2001 முதல் 2006 வரை சில எஞ்சின்களில் காஸ்டெக் என்ற நிறுவனம் வார்த்த ஹெட் வந்தது. அதில் மயிரிழை விரிசல் விட்டு, வெளியே ஒரு சொட்டு ஒழுகாமல் கூலன்ட் குறைந்துகொண்டே போகும். 2003 முதல் 2006 வரை டேஷ்போர்டு முள்கள் செத்துப்போவது சர்வசாதாரணம். வேகமானி பூஜ்யத்தைக் காட்டினால் பேரம் பேச ஒரு காரணம் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளலாம். 4 கியர் தானியங்கிப் பெட்டி சுமை இழுத்தால் களைத்துப்போகும். கொக்கியைப் பாருங்கள்: பந்து தேய்ந்து பளபளத்தால் அந்த வண்டி நிறைய இழுத்திருக்கிறது.

உண்மையான ஆபத்து பிரேக் குழாய். எஃகுக் குழாய் துருப்பிடித்து, அவசரமாக மிதிக்கும் நேரத்தில் வெடிக்கும். என்.எச்.டி.எஸ்.ஏ. பல வருடம் விசாரித்து 2015-இல் ரீகால் இல்லாமலே விசாரணையை மூடியது. உப்பு மாநிலங்களில் 2007 அல்லது அதற்கு முந்தைய வண்டி வைத்திருப்பவர்கள் குழாயைச் சோதிக்க வேண்டும் என்று எச்சரிக்கை மட்டும் விட்டது. ரீகால் பட்டியலில் இல்லை என்றால் பிரச்சினையே இல்லை என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

2007-இல் வந்த புதிய வடிவத்தில் 5.3-இன் கதை முன்னமே சொன்னதுதான். வால்வைத் தூக்கும், சிலிண்டரை நிறுத்தும் லிஃப்டர்கள் சிக்கி, கேம் ஷாஃப்ட்டைத் தின்றுவிடும். அதே ஏற்பாட்டின் அழுத்த வால்வு சிலிண்டர் சுவரில் எண்ணெயைப் பீய்ச்ச, பிஸ்டன் வளையம் அடைத்து எஞ்சின் எண்ணெய் குடிக்கத் தொடங்கும். எல்லாருக்கும் நடந்தது என்று சொல்ல மாட்டேன். நடந்தால் செலவு பழைய வண்டியின் விலையில் பெரும்பங்கு. இங்கேயும் எட்டாவது எழுத்துக்கு வேலை உண்டு: 2013 வரை வந்த 4.8-இலும், கனரக வகைகளில் வந்த 6.0-இலும் அந்த ஏற்பாடு கிடையாது. யாரும் விரும்பாத 4.8, சாதாரண கேபின், வேலைக்காரர் வண்டி: நீண்ட நாள் வைத்திருக்க அது 5.3-ஐவிட மேல்.

டாட்ஜ் ராம் 1500-ஐப் பற்றி நீட்டி எழுத எனக்கு ஆர்வமில்லை. அதன் 5.7 லிட்டர் ஹெமி வி8 நன்றாக இழுக்கும். 2003 முதல் 2008 வரை, எஞ்சின் ஒருமுறை அதிகச் சூடாகியிருந்தால் வால்வு இருக்கை கழன்று விழும் ஆபத்து. பிறகு வந்தவற்றில் லிஃப்டர், எக்ஸாஸ்ட் போல்ட் உடைவது. விலை குறைவாகக் கிடைப்பதற்கு இவைதான் காரணம்.

டொயோட்டா: எஞ்சின் அல்ல, சேஸிஸ்

டகோமாவைப் பற்றிய பேச்செல்லாம் எஞ்சினில் தொடங்கி எஞ்சினில் முடிகிறது. 3.4, 4.0, 2.7 எதுவானாலும் பெரிய குறை சொல்ல முடியாது, சரி. ஆனால் இந்த வண்டி சாவது கீழே இருந்து. சேஸிஸ் இரும்பில் துரு தடுக்கும் பூச்சு போதாமல் உள்ளிருந்து அரித்தது. 2008-இல் டொயோட்டா முதலில் 1995 முதல் 2000 வரையிலான டகோமாக்களுக்கு 15 வருட உத்தரவாதம் நீட்டித்து, மோசமானவற்றை மதிப்பின் ஒன்றரை மடங்கு கொடுத்துத் திரும்ப வாங்கியது. தன் வண்டிக்குச் சந்தை விலையைவிட அதிகம் கொடுத்து ஒரு நிறுவனம் வாங்குகிறதென்றால் துருவின் அளவைப் புரிந்துகொள்ளலாம். 2009-இல் 2000 முதல் 2003 வரையிலான டண்ட்ராவுக்கு ரீகால்; உதிரிச் சக்கரம் துருவில் கழன்று ரோட்டில் விழும், பின் பிரேக் குழாய் போகும் என்று. 2016-இல் 2005 முதல் 2010 வரையிலான டகோமா, 2007, 2008 டண்ட்ராவுக்கு நீதிமன்ற சமரசம். அந்த உதவிகளின் காலம் இப்போது முடிந்துவிட்டது.

இதனால் ஒரு விநோதம். புது சேஸிஸ் மாற்றப்பட்ட 2006 டகோமா, மாற்றப்படாத 2009-ஐவிடச் சிறந்த வண்டி. மாடல் வருடப் பட்டியலில் இதை எங்கே எழுதுவது? விற்பவரிடம் மாற்றிய ரசீது இருக்கும். டீலரிடம் வின் எண்ணைக் கொடுத்தாலும் சொல்வார்கள். மாற்றாத வண்டியென்றால் சுத்தியலால் பின் ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடத்துக்கு அருகே தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்றால் சரி. சத்தம் மழுங்கினாலோ சில்லு உதிர்ந்தாலோ கிளம்பிவிடலாம். புதிதாகக் கறுப்புச் சாயம் பூசிய அடிப்பாகத்தை நான் துருவைவிட அதிகம் சந்தேகப்படுவேன்.

முதல் தலைமுறை டண்ட்ராவின் 4.7 வி8 அருமையான எஞ்சின், ஆனால் அதில் டைமிங் பெல்ட். 90,000 மைலுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். 1,70,000 மைல் ஓடிய வண்டியில் இரண்டாவது மாற்றம் இன்னும் நடக்கவில்லை என்றால் அந்தச் செலவு வாங்குபவர் தலையில். 2012-க்குப் பிந்தைய, 2015 வரையிலான 4.0 டகோமா எல்லா வகையிலும் நல்ல வண்டி. விலையும் அதை ஒளிக்காமல் சொல்லும். அதே பணத்துக்கு அதைவிட இளமையான, குறைவாக ஓடிய எஃப்-150 கிடைக்கும்போது, பெயருக்காக மட்டும் கூடுதல் கொடுக்க வேண்டுமா என்பது என் கேள்வி. திரும்ப விற்கும்போது அந்தப் பணம் வந்துவிடும் என்பது டகோமா ரசிகர்களின் பதில். பாதி உண்மை.

சின்ன வண்டிகளில் இரண்டு

நிசான் ஃப்ரான்டியர் 2005-இல் வந்த வடிவத்திலேயே 2021 வரை ஓடியது. வருடம் பார்த்து வாங்குவது உண்மையிலேயே பலிக்கும் வண்டி இது. 2005 முதல் 2010 வரை, ரேடியேட்டருக்குள் இருக்கும் கியர் எண்ணெய்க் குளிரூட்டி விரிசல் விட்டு, கூலன்ட்டும் கியர் எண்ணெயும் கலந்து, இளஞ்சிவப்புக் கூழாகிப் பெட்டியைக் கொன்றுவிடும். நிசான் உத்தரவாதத்தை நீட்டித்தது. அதுவும் முடிந்துபோன கதை. ரேடியேட்டரை ஏற்கெனவே மாற்றியிருந்தால் 2008-உம் வாங்கலாம். மாற்றவில்லையென்றால் வாங்கிய வாரத்திலேயே மாற்றிவிட வேண்டும். அது கியர்பாக்ஸ் விலையில் சிறு பகுதி. அதே முற்பகுதி 4.0 எஞ்சின்களில் டைமிங் செயின் கைடு தேய்ந்து ஊளையிடும். 2011-க்குப் பிறகு இரண்டு தொல்லையும் பெரும்பாலும் இல்லை. கையால் மாற்றும் கியர் உள்ளவற்றுக்கு ரேடியேட்டர் பயமே வேண்டாம்.

ஃபோர்டு ரேஞ்சரில் 2001 நடுவிலிருந்து 2011 வரை வந்த 2.3 லிட்டர் நாலு சிலிண்டர் நல்ல தேர்வு. 4.0 வாங்கத் தோன்றும், சக்தி இருக்கிறதே என்று. அதன் டைமிங் செயின் ஒன்று எஞ்சினின் பின்பக்கம் இருக்கிறது. மாற்ற எஞ்சினையே இறக்க வேண்டும். இதில் எது எப்படியானாலும் 2004 முதல் வந்த ரேஞ்சரில், வெடித்துச் சிதறும் குறையுள்ள டகாடா ஏர்பேக் மாற்றப்பட்டதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். 2006 மாடல்களில் ஒரு பகுதியை ஓட்டவே வேண்டாம் என்று 2018-இல் ஃபோர்டு அறிவித்தது.

டீசல் ஆசை

சக்கரம் வைத்த டிரெய்லர் வீட்டையோ குதிரை ஏற்றும் டிரெய்லரையோ இழுப்பவர்களுக்கு மட்டும் இது. மற்றவர்களுக்கு டீசல் பிக்கப் ஒரு விலையுயர்ந்த சத்தம். ஃபோர்டில் 2003 வரை 7.3. அதற்குப் பின் வந்த, 2007 வரையிலான 6.0, 2008 முதல் 2010 வரையிலான 6.4 இரண்டையும் தள்ளி வைக்கலாம். 6.0-இல் எண்ணெய்க் குளிரூட்டி அடைக்க, புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பும் ஈஜிஆர் அமைப்பின் குளிரூட்டி வெடிக்க, ஹெட் கேஸ்கெட் போகும். எல்லாவற்றையும் மாற்றி 'சரிசெய்யப்பட்ட' 6.0 என்று விற்பார்கள். ரசீதுக் கட்டு இல்லாமல் அந்தச் சொல்லுக்கு மதிப்பில்லை.

டாட்ஜில் 2003 முதல் 2007 தொடக்கம் வரையிலான 5.9 கம்மின்ஸ்தான் என் தேர்வு. அதற்கு முந்தைய 1998 நடுவிலிருந்து 2002 வரையிலானவற்றில் எரிபொருள் பம்ப் பலவீனம். பின்னால் வந்த 6.7-இல் புகை வடிகட்டியும் அதன் தொல்லைகளும். வடிகட்டியைக் கழற்றிய வண்டி மலிவாக வரும். அப்படிக் கழற்றுவது நாட்டுச் சட்டத்துக்கு விரோதம். சில மாநிலங்களில் பதிவே ஆகாது. ஜெனரல் மோட்டார்ஸில் 2001 முதல் 2004 வரையிலான டியூராமேக்ஸ் டீசலுக்கு இன்ஜெக்டர் செலவு உண்டு. அதிலேயே 2006, 2007-இன் எல்பிஇசட் வகைக்கு நல்ல பெயர். எந்த டீசலிலும் எஞ்சின் 3 லட்சம் மைல் போகும்போது கியர்பாக்ஸும் முன்சக்கரக் கூட்டும் அதற்கு முன்னமே ஓய்ந்திருக்கும் என்பதைக் கணக்கில் வைக்க வேண்டும்.

காகிதமும் ஊரும்

மைல் கணக்கு மீட்டரை நம்ப முடியுமா என்பதற்கும் வருடம் வேண்டும். அமெரிக்கச் சட்டப்படி 2010 மற்றும் அதற்கு முந்தைய மாடல்களுக்கு விற்கும்போது மைலை எழுதிக் கொடுக்கும் கட்டாயம் பத்து வருடத்தோடு முடிந்தது. 2011 மாடலிலிருந்து அது 20 வருடம். ஆக 2010 எஃப்-150-இன் உரிமைப் பத்திரத்தில் மைல் கட்டத்தில் விலக்கு என்று இருந்தால் அது மோசடி அல்ல, சட்டம். ஆனால் அந்த மைல் எண்ணுக்குப் பின்னால் யாருடைய கையெழுத்தும் இல்லை. சர்வீஸ் ரசீது, எண்ணெய் மாற்றிய தாள், மாநிலச் சோதனைச் சான்று இவற்றில் உள்ள மைல்களை வரிசையாக அடுக்கிப் பார்க்க வேண்டும்.

பத்திரம் எந்த மாநிலத்தில் இருந்து வந்தது என்பதை நான் வருடத்துக்குச் சமமாக வைப்பேன். அரிசோனாவிலோ நியூ மெக்சிகோவிலோ வாழ்ந்த 2003 வண்டியும், ஓஹாயோவிலோ மிச்சிகனிலோ வாழ்ந்த 2010 வண்டியும் பக்கத்தில் நின்றால் முன்னதன் சாயம் வெளிறியிருக்கும், டேஷ்போர்டு வெடித்திருக்கும். அடியில் போல்ட் கழலும். பின்னதில் உள்ளே பளபளக்கும். அடியில் போல்ட் தலையே இருக்காது. சாயத்துக்கும் டேஷ்போர்டுக்கும் பணம் கொடுத்துத் தீர்க்கலாம். டெக்சஸ், லூசியானா பத்திரமென்றால் துருவுக்குப் பதில் வெள்ளம். 2017 ஹார்விப் புயலுக்குப் பின் நனைந்த வண்டிகள் வேறு மாநிலங்களுக்குப் போயின. இருக்கைக்கு அடியில் கம்பி இணைப்புகளைக் கழற்றிப் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள்.

என் வரிசை

பணம் குறைவு, நகரில் ஓட்டம், அவ்வப்போது சாமான் ஏற்றுவது என்றால் கையால் கியர் மாற்றும் 2.3 ரேஞ்சர், இல்லாவிட்டால் 2011-க்குப் பிந்தைய ஃப்ரான்டியர். இரண்டில் எது வறண்ட மாநிலத்தில் இருந்ததோ அது. நடுத்தர அளவு இழுக்க வேண்டும், சொந்தமாகக் கொஞ்சம் பழுது பார்க்கவும் தெரியும் என்றால் 2005 முதல் 2007 கிளாசிக் வரையிலான சில்வராடோ. பிரேக் குழாய்களை மொத்தமாக மாற்றும் செலவை வாங்கும் விலையோடு கூட்டிவிட வேண்டும். பட்ஜெட் சற்று அதிகம், பழுது பார்க்கத் தெரியாது, மெக்கானிக்கை நம்பித்தான் இருக்க வேண்டும் என்றால் 2013 அல்லது 2014 எஃப்-150, 5.0 எஞ்சினோடு, கியர்பாக்ஸ் ரீகால் முடிந்ததாக. பத்து வருடம் வைத்திருக்கும் எண்ணம் இருந்தால் மட்டும் 2012-க்குப் பிந்தைய டகோமாவின் விலை நியாயமாகும். மூன்று வருடத்தில் விற்றுவிடுவேன் என்பவர் அந்தக் கூடுதல் பணத்தைத் துருவில்லாத எஃப்-150-இல் போடட்டும்.

இந்த வரிசையில் இல்லாத ஒரு வண்டி, உதாரணமாக 2006-இன் 5.4 எஃப்-150, நேரில் வந்து நிற்கலாம்: ஒரே உரிமையாளர், 5,000 மைலுக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றிய ரசீதுகள், செயினும் ஃபேஸரும் பிளக்கும் மாற்றியதற்கு நல்ல கடையின் பில், அடியில் துரு இல்லை. அப்போது நான் மேலே எழுதியதைத் தூக்கி வைத்துவிட்டு அதைத்தான் வாங்குவேன், பட்டியலில் உள்ள வருடம் எது என்று பார்க்காமல். விற்பவர் பிளக்கை மாற்றியதற்கு மட்டும் பில் காட்டி, ஃபேஸரைப் பற்றிக் கேட்டால் "அதெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது" என்றால், அந்த வேலைக்கான தொகையைக் கேட்ட விலையிலிருந்து முழுதாகக் கழித்துவிட்டுத்தான் பேச்சைத் தொடர வேண்டும்.